முதுகுப் பக்கம் இன்ஜின்

"இந்த வண்டியைத் தினம் ஓட்டலாமா, இல்ல ஆயுத பூஜைக்கு மட்டும் வெளிய எடுத்து மாலை போடணுமா?" என்று கேட்டாள் குந்தவை.

வளவனுக்குச் சுருக்கென்றது. ஏழு வருடமாகத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூரில் இருக்கும் தன் டிராக்டர் பார்ட்ஸ் கடைக்கு இந்தச் சிவப்புக் காரில்தான் போய் வருகிறான். விற்பனைக்கு என்று நெட்டில் போட்டதைப் பார்த்துவிட்டு, நன்னிலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நிற்கிறாள் இந்தப் பெண். வந்தவள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

"தினம்தாங்க ஓட்டுறேன். மழை, வெயில் எதுவும் பார்க்கிறதில்லை."

"இருபது வருஷப் பழசுன்னு போட்டிருந்தீங்களே?"

"பழசுதான், ஆனா நோய் நொடி கிடையாதும்மா," என்று காபி டம்ளரோடு குறுக்கே புகுந்தார் வளவனின் அம்மா வேம்பு. "பொட்டுச் சத்தம் வராது. தங்கமான வண்டி!"

வளவன் அம்மாவை முறைத்தான். காரை விற்றே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர் அவர்தான். மூன்று சம்பந்தம் இந்தப் பாழாய்ப்போன காரால்தான் தட்டிப்போயிற்று என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இருப்பதே இரண்டு சீட். பின்னால் யாராவது உட்காரலாமா என்றால், அங்கே இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. "மாமனார் மாமியாரை எங்க ஏத்துவாரு, கூரை மேலயா?" என்று கேட்டுவிட்டு, வைத்த பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள் பட்டுக்கோட்டைக்காரர்கள். "முப்பத்திநாலு வயசாச்சு. வண்டியா கல்யாணமா, ஒண்ணைச் சொல்லு" என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வளவன் தோற்றுப்போனான்.

இன்று காலையில் வேறு எச்சரிக்கை. "குறையெல்லாம் நீயே ஒப்பிக்காதடா. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க. கார் விக்க நாலு பொய் சொன்னா நாக்கு அழுகிடாது."

அந்த வித்தைதான் அவனுக்கு வராதே!

"சத்தம் வரும்ங்க," என்றான் குந்தவையிடம். "இன்ஜின் நம்ம முதுகுக்குப் பின்னாலயே இருக்கு. காதுக்குள்ள கத்தும். சித்திரை மாசத்துல முதுகு வெந்துடும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"பார்ட்ஸெல்லாம் கிடைக்குதா?"

"எங்க கிடைக்குது! ஒரு வாட்டர் பம்ப்புக்கு நாலு மாசம் காத்திருந்தேன். நாலு மாசமும் பஸ்ஸுதான்."

"கோபம் வரலையா உங்களுக்கு?"

"வந்துச்சு. அது மேல காட்டி என்ன செய்ய? அதுக்கும் வயசாகுதுல்ல. ஓடலைன்னாலும் தினம் தொடச்சு வச்சேன்."

குந்தவை சிரித்துக்கொண்டே சாவிக்குக் கை நீட்டினாள். "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?"

நன்றாகத்தான் ஓட்டினாள். கியரை அவள் பக்குவமாக மாற்றுவதைப் பார்க்கப் பார்க்க வளவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. தப்புத் தப்பாக ஓட்டினாலாவது, உங்களுக்கு இது சரிப்படாதுங்க என்று சொல்லிக் கழற்றிவிட்டிருக்கலாம்.

காவிரிக் கரைச் சாலை திரும்பியதும், ரோடு முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"ஏன், எல்லாரும் மேல ஏத்திக்கிட்டுத்தானே போறாங்க?"

"லாரி போகலாம். இது தரையோட தரையா இருக்கு. பாதி நெல்லை வாரிக்கிட்டு வந்துடும். வைக்கோலா இருந்தா இன்னும் மோசம், இன்ஜின் சூட்டுல பத்திக்கும்."

இறங்கினான். நெல்லுக்குக் காவலிருந்த அம்மாளிடம் பலகையை வாங்கி, கார் போகிற அகலத்துக்கு நெல்லைத் தள்ளினான். கார் கடந்ததும் பழையபடி பரப்பிவிட்டு வந்து ஏறினான். சட்டையெல்லாம் தூசி.

"தினம் இதே வேலையா?"

"அறுவடை முடியிற வரைக்கும் இப்படித்தான். அவங்க அஞ்சாறு மாசப் பாடுங்க அது."

குந்தவை அவனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் காரை வீட்டுப் பக்கம் திருப்பினாள். வாங்கிவிடாதே தாயே, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று வளவன் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே வந்தான்.

வாசலில் இறங்கியவள் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "கடைசியா ஒண்ணு கேட்கிறேன். இத்தனை குறை சொல்றீங்களே, அப்புறம் எதுக்கு இவ்வளவு வருஷம் வச்சிருந்தீங்க?"

"எல்லாம் தெரிஞ்சுதாங்க வாங்கினேன். தெரிஞ்சே வாங்கிட்டு, இப்ப அதையே சாக்கா வச்சு எப்படிக் கைவிடுறது?" கூரை மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தான். "எனக்கு இதை விக்க மனசே இல்லைங்க. அதான் உண்மை."

கெட்டது குடி என்று அம்மா வெளியே ஓடி வந்தார். "அவன் கிடக்கான், நீ சொல்லும்மா. பிடிச்சிருக்கா? வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்கணுமா?"

"அப்பாகிட்ட சொன்னா போதும்மா," என்ற குந்தவை செல்போனை எடுத்தாள். வளவன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, தரகர் ஜாதகம் கொண்டு வந்தாரே, திருக்காட்டுப்பள்ளி சிவப்புக் கார் மாப்பிள்ளை, கார் வாங்குற மாதிரி வந்து அவரை நானே விசாரிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வரச் சொல்லிடுங்க. ஆனா அந்த வண்டியை மட்டும் வித்துடக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிடுங்க!"