தாண்டி ஓடு

விஸ்கான்சினில் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஓடிய முதல் பெரிய கிராஸ் கன்ட்ரி போட்டி அது; மேடும் சேறுமான வெட்டவெளியில் ஓடும் ஓட்டம். கடைசி மேட்டில், எனக்கு முன்னால் ஓடிய வேறு கல்லூரிப் பெண் சேற்றில் வழுக்கி, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். நான் தயங்கினேன்.

"நிக்காத மார்னி! அவளைப் பாக்காத, தாண்டி ஓடு!" என்று எங்கள் கோச் ஹால்வர் கத்தினார்.

தாண்டினேன். ஒவ்வொருத்தியும் எத்தனையாவதாக வந்தாள் என்பதை வைத்துத்தான் அணிக்குப் புள்ளி; ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் எங்கள் கல்லூரி ஜெயித்தது.

தோழிகள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். எனக்கோ அந்த அலறல் காதைவிட்டுப் போகவில்லை.

"கோச் எங்கடி?"

"அவரைக் காணோம். கப் வாங்கக்கூட வரலை."

மன்னிப்புக் கேட்கலாம் என்று முதலுதவிக் கூடாரத்துக்குப் போனேன். அங்கே அந்தப் பெண்ணின் காலருகே கோச் மண்டியிட்டு, வீக்கத்தின்மேல் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே மன்னிப்புக் கேட்க வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சாரி, நான் நின்னிருக்கணும்," என்றேன் அவளிடம்.

"நீ என்ன பண்ணுவ? கோச் ஓடச் சொன்னாரு, ஓடுன."

கோச் தலை நிமிரவே இல்லை. அவள் குனிந்து அவர் கண்களைத் துடைத்துவிட்டாள்.

"அழாதீங்க அப்பா. எலும்பு உடையலையாம். போய்க் கப்பை வாங்குங்க. அம்மாகிட்ட, நான் வழுக்கி விழுந்தேன்னு மட்டும் சொல்லிக்கிறேன்."