மைக் தெரிந்த முத்தம்

"பல்லு மொத்தமும் புதுசு. முடியும் அவனோடது இல்ல, எழுதி வெச்சுக்கோ" என்றார் கர்டிஸ், மேடைப் பக்கம் பார்த்தபடி மனைவியின் காதோரம் குனிந்து.

"உனக்கு ரெண்டு முழங்காலும் புதுசு. பேசாம உக்காரு" என்றாள் ரோண்டா.

மேடையோரம் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ட்ராய், ரோண்டாவைப் பார்த்துக் கையசைத்தான். அவளும் அசைத்தாள். தேவைக்கு மேல் இரண்டு முறை அசைத்ததாகக் கர்டிஸுக்குப் பட்டது.

நாற்பது வருடத்துக்கு முன் ரோண்டா கதாநாயகியாக நடித்த ஒரே படம் 'நனைந்த விடுமுறை'. நாயகன் ட்ராய். பெண்கள் குளிக்கும் அறையை எட்டிப் பார்க்க பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலு பேர் படும் பாடுதான் கதை. அது எவ்வளவு மட்டமான படம் என்று பார்த்துச் சிரிப்பதற்கென்றே, ஞாயிற்றுக்கிழமை மதியம் வான் நைஸ் பகுதியில் இருந்த அந்தப் பழைய தியேட்டர் நிரம்பி வழிந்தது.

படம் ஓடியது. பள்ளி மாணவனுக்கு முன்வழுக்கை. ஜனவரி விடிகாலையில் எடுத்த 'கோடை'யில், நீச்சலுடையில் நின்றவர்கள் வாயைத் திறந்தாலே குளிரில் புகை வந்தது. ட்ராய் ஒரு பனைமரத்தில் சாய்ந்தான். அட்டைப் பனைமரம், அதுவும் கூடவே சாய்ந்தது. ஏழு பெண்களில் ரோண்டாவைத் தவிர யாருக்கும் பெயர்கூட இல்லை. துண்டைப் பிடித்துக்கொண்டு கத்துவதுதான் அவர்களுக்கு வேலை.

"அதுங்களுக்கு ஒரு பேரு வைக்கக்கூட அந்த டைரக்டருக்கு உடம்பு வணங்கல" என்று ரோண்டா முணுமுணுத்தாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. நீச்சல் குளத்தோரம் ட்ராய் ரோண்டாவை முத்தமிடக் குனிந்தான். மேலிருந்து கறுப்பாக ஒன்று இறங்கி அவன் மண்டையை உரசியது.

"மைக்!" என்று அரங்கமே அலறியது. பாப்கார்ன் பறந்தது. படத்தில் மூன்று முத்தம். மூன்றிலும் மைக் இறங்கியது, மூன்று முறையும் பாப்கார்ன் பறந்தது.

கர்டிஸ் சிரிக்கவில்லை. நீளக் கம்பு நுனியில் அந்த மைக்கைப் பிடித்திருந்தவர் அவர்தான். காசில்லாத யூனிட், ஆளுக்கு இரண்டு வேலை. ட்ராய் நடித்ததோடு பனைமரத்துக்குப் பச்சையும் பூசினான். கர்டிஸ் மைக்கும் பிடித்தார், வேனும் ஓட்டினார். வேலை முடியும்வரை வாசலில் காத்திருந்து ரோண்டாவை வீட்டில் விடுவதும் அவர்தான்.

"கை வலியில இறங்கிடுச்சு" என்று நாற்பது வருடமாக அவளிடம் சொல்லிவருகிறார். அத்தனையும் பொய். அவளை ட்ராய் முத்தமிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வேண்டுமென்றே இறக்கினார். அந்தப் படத்துக்குப் பிறகு ரோண்டாவை நடிக்க யாரும் கூப்பிடவே இல்லை. இது தெரிந்தால் அவள் தன்னை மன்னிப்பாளா என்ற பயம் அவரை விட்டதே இல்லை.

விளக்கு வந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "ட்ராய், ஒரு டேக் கூடவா மைக் இல்லாம வரல?"

"வந்துச்சே!" என்றான் ட்ராய். "கடைசி நாள் அந்த மைக் பிடிக்கிறவன் வேனுக்குப் பஞ்சர் ஒட்டப் போயிட்டான். மிச்சமிருந்த ஃபிலிம்ல மூணு முத்தத்தையும் மறுபடி எடுத்தோம். ஒரு குத்தம் சொல்ல முடியாது! அது ஏன் படத்துல வரலன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல. ரோண்டா, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நல்லாவே இருக்கு" என்றாள் ரோண்டா, உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தபடி.

கர்டிஸுக்கு முகம் செத்துவிட்டது. பஞ்சர் ஒட்டப் போன நேரத்தில் மூன்று முத்தமா! நாற்பது வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னாளா? பொறாமை பொங்கி, அந்தப் பழைய ரகசியத்தையும் வெளியே தள்ளியது.

"ரோண்டா, கை வலியெல்லாம் இல்ல. வேணும்னேதான் இறக்கினேன். உன் பொழப்பக் கெடுத்தவன் நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஆளுக்கு ரெண்டு வேலைன்னா எனக்கும் ரெண்டுதானே, மறந்துட்டியா? பகல்ல நடிப்பு, சாயங்காலம் எடிட்டிங் ரூம்ல ஃபிலிம் ஒட்டுறது. எதையாவது ஒட்டித் தொலைன்னுட்டு டைரக்டர் தூங்கிடுவார்." அவர் தோளில் கிடந்த பாப்கார்னை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள் ரோண்டா. "அந்த நல்ல மூணையும் நான்தான் கத்தரிச்சுக் குப்பையில போட்டேன். அதுல நீ இல்லியே, கெழவா."