ஆண்டவருக்கு எழுதியது

குறை சொல்லாவிட்டால் தபால்காரரின் மனைவிக்குப் பொழுதே விடியாது. அப்படிப்பட்டவள், ஒரு ஞாயிறு பிரசங்கம் கேட்டு வந்து வாயைப் பூட்டிக்கொண்டாள்.

"இனிமே என் குறையெல்லாம் ஆண்டவர்கிட்ட மட்டுந்தாங்க" என்று ஒரு ஜெப நோட்டும் போட்டாள்.

முப்பது வருஷ வேலையில் அடுத்தவர் கடிதம் ஒன்றைக்கூடப் பிரிக்காத மனிதர், ஆண்டவருக்கு எழுதியதைப் பிரித்துப் படித்தார். அவள் கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து, தினமும்.

'ஆண்டவரே, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது.'

அன்று சாயங்காலமே குழாயைச் சரிசெய்தார். அடுத்த வாரம் கொல்லைக் கதவு.

"ஸ்தோத்திரம்! எழுதினதெல்லாம் நடக்குதுங்க" என்று அவள் பூரித்தபோது மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

இன்று அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை.

"இந்த வீட்டுல வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கா?" என்று கத்தினார்.

"கடைசியா எங்க படிச்சீங்களோ, அங்கதாங்க இருக்கும்" என்றபடி அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

சந்தேகத்தோடு நோட்டைப் பிரித்தார். கண்ணாடி உள்ளேதான் இருந்தது. மாட்டிக்கொண்டு அன்றைய பக்கத்தைப் படித்தார்.

'ஆண்டவரே, இவர் கண்ணாடியை இதற்குள் மறந்து வைப்பது இது மூன்றாம் தடவை. சொல்லிக்காட்டாமல் இருக்க எனக்குப் பெலன் தாரும்.'