மூடி போட்ட வயர்

"இன்னிக்கும் நெட் போச்சு தம்பி! இந்த டப்பாவுல பச்சை லைட்டே எரிய மாட்டேங்குது."

ரிட்டயர்டு கண்டக்டர் கதவைத் திறக்கும்போதே புலம்பத் தொடங்கிவிட்டார். நெட் லைன்மேன் நேராக டிவி மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். நினைத்தது சரியாகப் போயிற்று. மஞ்சள் வயர் கழற்றப்பட்டு, அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முனைக்கு மூடிகூடப் போட்டிருந்தது.

"உள்ளே கண்ணாடி இழை அண்ணே, தூசி பட்டா அவ்வளவுதான்" என்று எப்போதோ அவன் சொன்னதை மனுஷன் மறக்கவே இல்லை. தானாகக் கழன்ற வயர் எந்த ஊரில் தானே மூடி போட்டுக்கொள்ளும்?

லைன்மேனுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கண்டக்டரின் மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகள் வெளியூரில். முப்பது வருஷம் பஸ் நிறைய ஜனத்தோடு பேசிப் பழகிய வாய், பூட்டிய வீட்டில் எத்தனை நாள் சும்மா இருக்கும்? பேச்சுத் துணைக்காக வாரம் ஒரு புகார் கொடுக்கிறார். கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இரண்டு மாதமாகத் தெரியாத மாதிரியே இருந்தான்.

இன்று சொல்லியாக வேண்டும்.

"அண்ணே, இனிமே வயர் சும்மா கழண்டு கிடந்தா, புகார் கொடுத்த வீட்டுக்கு அபராதமாம்."

"காலையிலேயே மெசேஜ் வந்துச்சு. மாநகராட்சி கையில இருந்தப்போ இந்தக் கூத்தெல்லாம் உண்டா?"

"அது ஒரு காலம். இந்தப் புதுக் கம்பெனிக்காரங்க கடன் வாங்கில்ல நம்ம லைனை வாங்கியிருக்காங்க? வட்டி கட்டணும்னு ரேட்டை ஏத்தினாங்க. பாதிப் பேர் கனெக்‌ஷனே வேணாம்னு ஓடிட்டாங்க. இப்போ வட்டிக்கும் வழியில்லாம ஆளைக் குறைக்கறாங்க. மாசம் முப்பது புகார் முடிக்கலைன்னா வீட்டுக்குப் போன்னு சொன்னப்போ, இதே நாற்காலியில உக்காந்துதானே அழுதேன்?"

"ஒழுங்கா வேலை செஞ்சா புகார் எப்படிய்யா வரும்?"

"அதேதான் நானும் கேட்டேன். இந்த ஏரியா முழுக்க நான் இழுத்த லைன், லேசுல போகாது. என்னமோ என் நல்ல நேரம், தெருவுல யாரும் கையைக் காலை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கறதில்லை. தையல்கடையில பூனை வயரை இழுத்துடுது. மாடி வீட்டு அக்கா துடைப்பத்தால இடிச்சுடறாங்க. உங்களோட சேர்த்து இந்த மாசம் இருபத்தெட்டு. ரெண்டு நாள் இருக்கு, எப்படியாவது தேத்திடுவேன். நீங்க எதுக்கு வீணா அபராதம் கட்டணும்? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். டீயைக் குடிச்சுட்டு நாள் முழுக்கப் பேசுவோம்."

கண்டக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. உடனே விறைத்துக்கொண்டது.

"தாராளமா வா. ஆனா புகாரும் கொடுப்பேன்."

"அபராதம் அண்ணே!"

"சர்வீஸ்ல ஒருத்தனையும் நான் டிக்கெட் இல்லாம ஏத்தினதில்லை. புகார் நம்பர் இல்லாம நீ என் வாசப்படி ஏறக் கூடாது, ஆமா!"

இவர் பிடித்தால் உடும்புப் பிடி. பேசிப் பயனில்லை என்று அவன் வயரைச் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது. கண்டக்டர் டீ போட சமையலறைக்குள் போனார்.

புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளப் பையில் துழாவினான். பேனா இல்லை.

"அண்ணே, பேனா அலமாரியிலதானே?"

"ஏய், அலமாரியைத் திறக்காதே!"

கரண்டியும் கையுமாக அவர் ஓடிவருவதற்குள் அவன் திறந்துவிட்டான்.

கதவின் உள்பக்கம், பஸ் டிப்போவில் டூட்டி போடுகிற மாதிரி கோடு கிழித்து ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. தேதி, வீடு, காரணம் என்று மூன்று பத்தி. 'இருபத்தெட்டு: நம்ம வீடு, பச்சை லைட். இருபத்தொன்பது: மாடி வீடு, துடைப்பம். முப்பது: தையல்கடை, பூனை.'

தையல்கடையில் பூனையே கிடையாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சார்ட்டின் அடியில், அன்று காலை எழுதிய ஒரு வரி: 'லைன்மேன் தம்பிக்கு மாதம் முப்பது புகாருக்குக் குறையக் கூடாது. அபராதம் வந்தால் எல்லா வீடும் பங்கு.'