இரண்டாவது மேசை

திரையில் இரண்டாவது மேசையைப் பிடித்து இழுத்தாள். முதல் மேசை நகர்ந்தது.

மறுபடி இழுத்தாள். மறுபடியும் அதே.

அட கர்மமே!

நேற்று மாலை ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு கல்யாண மண்டபத்துக்கான வலைப்பக்கம். ஓரத்தில் இருக்கும் பந்தி மேசையை மவுஸால் இழுத்து மண்டபப் படத்தில் போட்டால், அதன் நகல் அங்கே போய் உட்காரும். அசல் ஓரத்திலேயே இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். போட்ட நகலையும் விருப்பம்போல் நகர்த்தலாம்.

ஒரு மேசையைப் போட்டு, மண்டபம் முழுக்கச் சுற்றவிட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அப்படியானால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. பூபதிதான்.

இந்தப் பக்கம் முதலில் அவனிடம் இருந்தது. முடிக்கத் தெரியவில்லை என்று தேன்மொழி மேடம் பிடுங்கி இவளிடம் கொடுத்தார். வயிறு எரியாதா?

கடைசியாக ஃபைலைத் திருத்தியது யார் என்று தேடினாள். அவள் பெயர் மட்டுமே இருந்தது.

தடயத்தை அழித்திருப்பான். கைகாரன்.

திரும்பினாள். பின்வரிசையில் இருந்தவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

சிரிப்பைப் பார், சிரிப்பை!

'பூபதி என் ஃபைலில் கை வைத்துக் கெடுக்கிறான்.' மேடத்துக்குத் தட்டிவிட்டாள். அவன் இன்னும் தற்காலிகம்தான். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று இன்றைக்கு முடிவாகிறது. தெரிந்தேதான் அனுப்பினாள். அனுப்பியதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கண்ணாடி அறையிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. போகிற வழியில் அவள் நாற்காலியருகே நின்றான்.

"அக்கா, எல்லா நகலுக்கும் ஒரே பேர் விழுகுதுங்க. அதனாலதான் ரெண்டாவதைத் தொட்டா மொதல்ல போட்டது நகருது. நானும் இதுலதான் மாட்டி முழிச்சேனுங்க. இருங்க, மேடம் கூப்பிட்டாங்க. பெர்மனென்ட் பண்றாங்களாட்ட இருக்குது."

சட்டையை நீவிவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

நகல் எடுக்கும் வரியைத் திறந்தாள். அவளே வைத்த பெயர். பிறக்கிற நகலுக்கெல்லாம் அதே பெயர். பக்கம் அந்தப் பெயரைத் தேடும்போது முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொள்கிறது. நேற்று ஒரே ஒரு மேசை இருந்ததால் தெரியவில்லை.

யாரும் கை வைக்கவில்லை.

ஒவ்வொரு நகலின் பெயரோடும் ஓர் எண் சேரும்படி மாற்றினாள். அவ்வளவுதான் வேலை.

கண்ணாடிக்குள் மேடம் பேசிக்கொண்டே இருந்தார். பூபதி இரண்டு கைகளையும் விரித்து ஏதோ சொன்னான். மேடம் தலையை ஆட்டி மறுத்தார். அவன் திரும்பி, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டினால் போதும்.

மூன்றாவது மேசையை இழுத்துப் போட்டாள்.

நன்றாக நகர்ந்தது.