பச்சைதான்

“பச்சை இல்ல வீப்கா. வைக்கோல் நிறம்.”

“பச்சைதான்.” வீப்கா அந்த நனைந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். “நல்லாப் பாருங்க.”

ரென்ஸ்கா பார்க்கவில்லை. ஃப்ரீஸ்லாந்தின் கடலணையை ஒட்டிய ஐந்து கிராமங்களுக்கும் அவள்தான் மருத்துவச்சி. பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள். வீப்கா பிரசவ உதவியாளர். கட்டிலைக் கட்டைகளின் மேல் ஏற்றி உயர்த்துவது, வெந்நீர்க் குடுவை வைத்துக் குழந்தைத் துணியைச் சூடாக்குவது, நேரம் குறிப்பது, நடுங்குகிற புருஷனுக்குக் காப்பி கொடுத்து உட்காரவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. முடிவெடுப்பது மட்டும் அவள் வேலையில்லை. இருவரும் சேர்ந்து வேலை பார்த்த பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட எடுத்ததுமில்லை.

“பனிக்குடம் உடைஞ்சு தண்ணி பச்சையா வந்தா ஆஸ்பத்திரிதான். குழந்தை உள்ளேயே மலம் போயிருக்குன்னு அர்த்தம். உங்க வாயாலயே நூறு தடவை கேட்டிருக்கேன்.”

“துடிப்பு நல்லா இருக்கு. நானே இப்பத்தான் கேட்டேன். இந்தக் குழந்தை இந்த வீட்லதான் பொறக்கும்.”

“போன மாசம் ரொட்டிக்கடைக்காரர் மகளுக்கும் இதே நிறம். அவ அழுதா, கெஞ்சினா. நீங்க அரை நிமிஷம்கூட யோசிக்கல. வண்டியைக் கூப்பிட்டு ஏத்தி அனுப்பிட்டீங்க.”

“அது வேற.”

“என்ன வேற?”

ரென்ஸ்கா ஜன்னல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நிமிர்ந்தாள்.

“வீட்டுப் பிரசவமே கூடாதுன்னு பேசறவங்க இந்த ஊர்ல எத்தனை பேர்னு உனக்கே தெரியும். அவங்க வாய்க்கு அவல் போடச் சொல்றியா? அதுவும் இந்தப் பிரசவத்தை வெச்சு?”

“அவங்க மெல்லட்டும். குழந்தை மூச்சுவிட்டாப் போதும்.”

கதவருகே யெல்மர் வந்து நின்றான். அப்பாவாகப் போகிறவன். மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்த அவசரத்தில் ஒரு காலில் மட்டும் பூட்ஸ் இருந்தது.

“என்ன ஆச்சு? எனக்கும் யாராவது சொல்லுங்களேன்.”

“ஒண்ணும் ஆகல. நீ போய் மாட்டைப் பாரு,” என்றாள் ரென்ஸ்கா.

“மாடெல்லாம் சௌக்கியமாத்தான் இருக்கும்,” என்றாள் வீப்கா. “உங்க குழந்தைதான் உள்ளே திணறுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும், யெல்மர்.”

அவன் ரென்ஸ்காவைப் பார்த்தான். வீப்காவைப் பார்த்தான். மறுபடி ரென்ஸ்காவைப் பார்த்தான். “ரென்ஸ்கா வேணாம்னு சொல்லியாச்சுன்னா…”

“ஊரே இப்படித்தான் கெட்டுக் கிடக்கு! ரென்ஸ்கா சொன்னா மறுபேச்சே கிடையாது. நேத்து வரைக்கும் நானும் இந்த மந்தையிலதான் இருந்தேன்.”

வீப்கா போனை எடுத்தாள்.

“கீழே வை.” ரென்ஸ்காவின் குரல் உயரவில்லை. “இங்க மருத்துவச்சி நான். நீ உதவியாளர். நான் சொல்லாம நீ யாரையும் கூப்பிட முடியாது. உன் ஏஜென்சிக்கு ஒரு கடிதம் போட்டேன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது. தெரியுமில்ல?”

தெரியும். ரென்ஸ்கா சும்மா மிரட்டுகிறவள் இல்லை என்பதும் தெரியும். அப்படியும் வீப்கா எண்களை அழுத்தினாள்.

“தாராளமா எழுதுங்க. என் பேரைத் தப்பில்லாம எழுதுங்க.”

மறுமுனையில் எடுத்தார்கள்.

“உடனே ஆம்புலன்ஸ் வேணும். முதல் பிரசவம். வயசு நாற்பத்தொண்ணு. பனிக்குடத் தண்ணி பச்சை.” ரென்ஸ்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னாள். “ஆமா, பச்சை. யாரு பேசறதா? உதவியாளர். மருத்துவச்சியா? அவங்க ஒத்துக்கல. நீங்க வாங்க, வர்ற பழியை நான் பாத்துக்கறேன்.”

“இதுக்கு நீ பதில் சொல்லணும்,” என்றாள் ரென்ஸ்கா.

“குழந்தை முதல்ல அழட்டும். அப்புறம் எத்தனை பதில் வேணும்னாலும் சொல்றேன்.”

*

மதியம் இரண்டு மணிக்குக் குழந்தை அழுதது.

டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார். “கழுத்துல கொடி ரெண்டு சுத்து. வரும்போதே துடிப்பு இறங்கிட்டிருந்தது. இன்னும் அரை மணி போயிருந்தா…” முடிக்காமல் தலையை ஆட்டினார். “உங்க மருத்துவச்சி கெட்டிக்காரங்க. சரியான நேரத்துல அனுப்பிட்டாங்க.”

வீப்கா அழுகைச் சத்தம் வந்த அறைக்குள் போய்ச் சுவரோரமாக நின்றாள். யெல்மர், பிள்ளை பிறந்ததும் எல்லோருக்கும் கொடுக்கிற, நீலமும் வெள்ளையுமாய்ச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கொடுக்கத் தோன்றாமல் விசும்பிக்கொண்டிருந்தான். ஆண் குழந்தை.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். “இங்க அம்மாவோட கையெழுத்து. அதுக்குக் கீழே, வீட்ல பிரசவம் பாத்த மருத்துவச்சியோட கையெழுத்து.” சுற்றிலும் பார்த்தாள். “மருத்துவச்சி எங்கே? கிளம்பிப் போயிட்டாங்களா?”

கட்டிலில், குழந்தையை நெஞ்சின்மேல் சாய்த்துப் படுத்திருந்த ரென்ஸ்கா பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

“ரெண்டையும் நான்தான் போடணும், இப்படிக் குடுங்க,” என்றவள் படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். “உதவியாளர் கையெழுத்துக்கு இதுல இடமே இல்லையே. யார் அச்சடிச்சது இதை? மாத்தச் சொல்லுங்க!”