சனி தொட்ட பெண்

உலகின் முதல் கிராவிட்டானை, ஈர்ப்புவிசைத் துகளை, குழலியின் கருவி பிடித்தது. அது சனிக் கோளிலிருந்து வந்ததென்று அவளே கட்டுரை எழுதினாள். நிச்சயமான கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தினார்கள்.

"ஜாதகமே வேண்டாம்னு சொன்னீங்களே, மாமா?"

"ஜோசியத்தை நாங்க நம்புறதில்லம்மா," என்றார் இயற்பியல் பேராசிரியரான மாப்பிள்ளையின் அப்பா. "ஆனா இது நிரூபணம் ஆயிடுச்சே. சனி முதல்ல உன்னைத்தான் தொட்டிருக்கு."

"கருவியைத்தான் தொட்டுச்சு."

"பக்கத்துல நீதானே இருந்தே? குரு பார்வை படட்டும், நாள் குறிக்கலாம்."

கருவியை வியாழன் பக்கம் திருப்ப, ஆய்வுக்கூட இயக்குநரிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டாள். அவர் உடனே சம்மதித்தார். மறுநாள், வரன் அமையாத தன் மகளைப் பட்டுப்புடவையில் அழைத்துவந்து, கருவியை ஒட்டி நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றார் குழலியிடம்.